கையெழுத்து வரிசையும் கொல்லைப்புறப் படிக்கட்டும்

ஒரு சர்வாதிகாரியின் பெயரைக் காதில் போட்டால் போதும், லென்ஸ் மேடத்துக்குப் பசி தாகம் மறந்துவிடும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா பேச்சுக்கு, “அந்தக் காலத்து சோவியத்துல அப்படி என்னதாங்க நடந்துச்சு?” என்று கேட்டுத் தொலைத்தால், அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கடுத்த நிறுத்தமும் போய், பஸ் டெப்போவுக்கே வந்து சேர்ந்துவிடும். கேட்டவர் பாவம். ஆனால் ஒருவரும் பாதியில் எழுந்து போனதாகத் தகவல் இல்லை.

‘லென்ஸ்’ என்பது மாணவர்கள் வைத்த பெயர். கைப்பையில் மூக்குக் கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ, கைப்பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடி கட்டாயம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பழைய காகிதங்களில் இருக்கும் கையெழுத்துகளை அவர் பார்ப்பார். கையெழுத்து என்ன சொல்கிறது என்றல்ல, யார் கையெழுத்து யாருக்கு மேலே இருக்கிறது என்று பார்ப்பார். அதுதான் அவருடைய பிழைப்பு.

இந்தப் பிழைப்புக்கு அவர் வந்த கதையே விபத்துதான். பத்தொன்பது வயதில் பிரெஞ்சு வகுப்பில் சேரப் போனார். இடம் நிரம்பிவிட்டது. எதிர் அறையில் ரஷ்ய வகுப்பு காற்று வாங்கிக்கொண்டிருந்தது, மொத்தமே நான்கு பேர். போய் உட்கார்ந்தார். இரண்டாம் வருஷம் நூலகத்தில் பழைய சோவியத் செய்தித்தாள்களின் தொகுப்பு ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஜனவரியில் முதல் பக்கத்துப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் பிப்ரவரியில் இல்லை. மார்ச்சிலும் இல்லை. ராஜினாமா இல்லை, இரங்கல் செய்தி இல்லை, ஒன்றுமே இல்லை. “எங்கய்யா போனார் இந்த ஆளு?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். நூலகர் முறைத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், முப்பத்தெட்டு வருஷமாக விடவில்லை.

பல் மருத்துவரான அவர் கணவர் சொல்வார்: “என் பேஷண்டாவது வாயைத் திறப்பான். உன் ஆளுங்க செத்தும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்களே, எப்படித்தான் சமாளிக்கிறியோ!”

மேடம் சமாளித்த விதம்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது. சோவியத் ஆவணக்காப்பகங்கள் திறந்த புதிதில், தூரத்து மாகாணம் ஒன்றின் கட்சி அலுவலகக் கோப்புகளைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. கூட்டம் போட நேரம் இல்லாத நாட்களில் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்மானத்தை ஒரு தாளில் தட்டச்சு செய்து அறை அறையாக அனுப்புவார்கள். ஒவ்வொரு தலைவரும் ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்கு விடுவார். 1937ஆம் வருஷத்தில் அப்படி நாற்பத்தேழு தாள்கள் இருந்தன. பிப்ரவரி வரை, மாகாணக் கட்சிக்கே தலைவரான முதல் செயலாளர்தான் எப்போதும் முதல் கையெழுத்து. மார்ச் மாதம் பிறந்தது, இரண்டாம் செயலாளர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். முதல் செயலாளர் நான்காவது இடத்துக்கு இறங்கிவிட்டார். அதே வருஷம் நவம்பரில் முதல் செயலாளர் கைது.

மேடத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஆளைத் தூக்குவதற்கு எட்டு மாதம் முன்பே அதிகாரம் கை மாறிவிட்டது, அந்தச் சத்தமில்லாத கவிழ்ப்பு கையெழுத்து வரிசையில் பதிந்திருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. ‘கையெழுத்து வரிசை முறை’ என்று அதற்கு ஒரு பெயரே வந்து, எங்கெங்கோ இருந்த ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் தங்கள் தங்கள் தாள்களை எடுத்து வைத்து எண்ணத் தொடங்கினார்கள். ஒரே ஒரு பேராசிரியர் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக, எந்த மாநாட்டில் பார்த்தாலும், “அம்மா, வரிசையை வெச்சு இவ்வளவு பெரிய கோட்டை கட்டலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேடம் வீட்டில் அவருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர்.

இப்போது புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. வரலாற்றாளர் மாநாட்டின் தொடக்க உரையும் மேடத்துக்குத்தான், அதுவும் இதே முறையைப் பற்றி. முன்னுரை எழுதுவதற்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பத்தேழு நகல்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருந்தார். அங்கேதான் வினை வந்தது, நாத்தனார் உருவத்தில்.

நாத்தனார், அதாவது பல் மருத்துவரின் தங்கை, குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவில் இருக்கிறாள். ஐந்து மாடிக் கட்டிடம். சுற்றறிக்கை, கோப்பு, கடிதம் எதுவானாலும் அறை அறையாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வருவது அவள் வேலை, இருபத்தெட்டு வருஷமாக. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், தட்டு வைக்க இடம் தேடி, நகல்களைப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, எங்க ஆபீஸ் சர்குலரைக் கொண்டாந்து பரப்பி வெச்சிருக்கீங்க?”

“உங்க ஆபீஸ் இல்ல, ரஷ்யா. கையை எடு, எண்ணெய் படும்.”

நாத்தனார் கையை எடுத்தாளே தவிரக் கண்ணை எடுக்கவில்லை. மேடத்துக்கும் சொல்லாமல் இருக்க முடியாதே. மார்ச்சில் வரிசை புரண்ட கதையை, புத்தகத்தில் எழுதியதை விட விறுவிறுப்பாகச் சொல்லி முடித்தார். நாத்தனார் வாயைப் பிளந்து கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ஒரு தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மார்ச்ல படிக்கட்டு ஏதாவது அடைச்சிட்டாங்களா அண்ணி?” என்று கேட்டாள்.

“படிக்கட்டா?”

“ஆமா. நான் லிஃப்ட்ல அஞ்சாவது மாடிக்குப் போய் மேலருந்து கீழ வருவேன். லிஃப்ட் ரிப்பேர்னா கீழருந்து மேல போவேன். அன்னிக்கு வரிசை அப்படியே தலைகீழா ஆயிடும். பெரியவர்தான் முதல்ல போடணும்னா, நான் அவர் ரூமுக்கு ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி... என் முட்டி என்னத்துக்கு ஆகறது? எந்த ரூம் முதல்ல வருதோ அவர் முதல்ல போடுவார். இதுல அதிகாரம் எங்க அண்ணி வந்துச்சு?”

பல் மருத்துவர் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து தாள்களை மறுபடி எடுத்தார். பிப்ரவரி வரை ஒரே வரிசை. மார்ச் முதல் வேறு வரிசை, ஆனால் அதுவும் ஒரே வரிசை. ஆட்சிக் கவிழ்ப்பு இப்படியா நடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுப்பு மாதிரி? இருபத்திரண்டு வருஷம் பூதக்கண்ணாடியில் பார்த்தவருக்கு, வெறுங்கண்ணில் தெரிவது தெரியாமல் போயிருக்கிறது. பயமாக இருந்தது. ஆனால் கூடவே, அந்த நூலக நாளுக்குப் பிறகு வராத ஒரு குறுகுறுப்பும் வந்தது. எது பயம், எது சந்தோஷம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“நான் போகணும்,” என்றார்.

“எங்க?” என்றார் கணவர், தெரிந்துகொண்டே.

மூன்றாம் வாரம் அந்த மாகாண ஆவணக்காப்பகத்தின் வாசிப்பறையில் மேடம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்பது நாள். ஒரு நாளைக்கு ஐந்து கோப்புகள்தான் தருவார்கள், கேட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வரும். பென்சில் மட்டுமே அனுமதி. பொறுப்பாளர் அம்மாளுக்கு மேடத்தை ஏற்கனவே தெரியும். இந்த முறை அவர் கேட்டு எழுதிய சீட்டைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குப் புருவம் ஏறியது. கட்சி அலுவலகத்தின் கட்டிடப் பராமரிப்புக் கோப்பு. கூரை, அடுப்பு, வாளி, துடைப்பம்! நல்ல நல்ல ரகசியக் கோப்புகள் எல்லாம் இருக்க இதை எதற்குக் கேட்கிறீர்கள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். மேடம் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

கோப்பு வந்தது. நூல் போட்டுத் தைத்த தடித்த கட்டு. அங்கே ஒவ்வொரு கோப்பின் முன் அட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும், படித்தவர்கள் அதில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ரகசியக் கோப்புகளில் அந்தத் தாள் நிரம்பி வழியும், மேடத்தின் கையெழுத்தும் எதிர்க்கட்சியின் கையெழுத்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். இதில் ஒரு கையெழுத்துகூட இல்லை. இத்தனை வருஷத்தில் உலகத்தில் ஒரு மனிதரும் இதைத் திறக்கவில்லை. மேடம் முதல் வரியில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

நாற்பதாம் பக்கத்தில் அறைப் பட்டியல் கிடைத்தது. எந்த அறையில் யார், எத்தனை ஜன்னல், அடுப்பு புகைகிறதா இல்லையா என்று எல்லாம் இருந்தது. கட்டம் போட்ட தாளில் மாடியை வரைந்துகொண்டார். அறுபத்திரண்டாம் பக்கத்தில், பிப்ரவரி இருபத்தேழாம் தேதியிட்ட ஒரு குறிப்பு: முன்பக்கப் படிக்கட்டின் ஏழு படிகள் உடைந்துவிட்டன, பணியாளர்கள் மார்ச் ஒன்று முதல் கொல்லைப்புறப் படிக்கட்டைப் பயன்படுத்த வேண்டும்.

மேடம் பென்சிலின் பின்பக்கத்தால் படத்தில் நடந்தார். கொல்லைப்புறப் படி ஏறியதும் முதல் அறை இரண்டாம் செயலாளர். அடுத்து நிதிப் பிரிவு. அடுத்து வேளாண் பிரிவு. நான்காவது, முதல் செயலாளர். மார்ச் மாதத் தாளைப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அச்சு அசலாக அதே வரிசை.

“அடி மடச்சி!” என்று கத்திவிட்டார்.

வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது. மொழி புரியாவிட்டாலும் யாரை யார் திட்டிக்கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இருபத்திரண்டு வருஷப் புகழ், ஏழு உடைந்த படியில் உருண்டு கீழே விழுந்து கிடக்கிறது. அழுதிருக்க வேண்டும். மேடத்துக்குச் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு அதிகாரியின் ரகசியமும் இல்லை, சதியும் இல்லை, தாள்களைச் சுமந்துகொண்டு நடந்த ஒரு கடைநிலை ஊழியனின் முட்டிவலி! அதை அல்லவா உலகம் முழுக்க மாணவர்கள் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. சறுக்கிய இடத்தில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்கிற ஆனை இது. மறுநாளே நாற்பத்தேழு தாள்களையும் படத்தோடு வைத்து ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். எல்லாம் பொருந்தின, பதினொன்றைத் தவிர. ஜூன், ஜூலை மாதத்துப் பதினோரு தாள்களில் நிதிப் பிரிவுக்குப் பிறகு நேராக முதல் செயலாளர் வந்தார். நடுவில் இருந்த வேளாண் தலைவரைக் காணோம். புத்தகத்தில் இதை மேடம் ஒரு வரியில் முடித்திருந்தார்: பயிர் விளைந்து அறுப்புக்கு வருகிற காலம், வேளாண் தலைவர் கிராமங்களில் சுற்றுப்பயணத்தில் இருந்திருப்பார்.

பராமரிப்புக் கோப்பு வேறு சொன்னது. ஜூன் ஒன்பது: வேளாண் தலைவர் அறைக்குப் புதிய விளக்கு, பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்து. ஜூன் இருபத்திரண்டு: ஜன்னல் கண்ணாடி விரிசல், அவரே எழுதிய புகார். ஜூலை நான்கு: மைப்புட்டி இரண்டு. மனிதர் ஊரிலேயே இருந்திருக்கிறார், தன் அறையிலேயே, கதவுக்குப் பின்னால். தாள் மட்டும் அந்தக் கதவைத் தட்டவில்லை. ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள்.

மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே தெருவுக்கு ஓடிவந்து நாத்தனாருக்கு போன் போட்டார். அங்கே அவள் அலுவலக நேரம்.

“ஏய், நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி! படிக்கட்டேதான்! என் புத்தகம் காலி!”

“ஐயையோ, அதுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு சந்தோஷம்?”

“அதை விடு. இதைக் கேளு.” மூச்சு விடாமல் வேளாண் தலைவர் கதையைச் சொன்னார். “ரூம் வழியிலதான் இருக்கு. ஆளும் உள்ளதான் இருக்கார். ரெண்டு மாசமா அவர்கிட்ட மட்டும் கையெழுத்து வாங்கல. ஏன்னு நீ சொல்லு.”

லைன் போய்விட்டதோ என்று மேடம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“தாண்டிப் போகச் சொல்லியிருப்பாங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“யாரு?”

“தபால் பிரிவுத் தலைவரைத் தவிர வேற யாரு? அவருக்கு மேலருந்து சொல்லியிருப்பாங்க. பேப்பர்ல எல்லாம் எழுத மாட்டாங்க. வாயாலதான்.” பிறகு, “எனக்கு வேலை இருக்கு அண்ணி,” என்று வைத்துவிட்டாள்.

மேடம் ஓடிப்போய்த் தாள்களைப் பார்த்தார். நாற்பத்தேழிலும் மேல் மூலையில் ஒரே ஆளின் சுருக்கக் கையெழுத்து, கொசு அளவுக்கு. எந்தத் தாள் எந்தெந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பும் பிரிவின் குமாஸ்தா. இத்தனை வருஷமாகச் செயலாளர்களின் பெரிய பெரிய கையெழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. யார் முதலில் கையெழுத்துப் போடுகிறார் என்பது அதிகாரம் அல்ல. எந்தக் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்வதுதான் அதிகாரம்! ஒன்பதாம் நாள் விமானத்தில் ஏறியபோது அவர் காலில் நடந்து ஏறவில்லை, பறந்து ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊரில் பதிப்பகத்து எடிட்டர் அவரைத் தரையில் இறக்கப் பார்த்தார். “மேடம், அச்சுக்கு எல்லாம் ரெடி. ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாமே? ‘படிக்கட்டுப் பழுதையும் கணக்கில் கொள்ளலாம்’னு. யாரு அடிக்குறிப்பைப் படிக்கிறாங்க?”

“நான் படிப்பேன்,” என்றார் மேடம். “எதிர்க்கட்சி படிப்பார்.”

“புது விஷயத்துக்கு ஆதாரம் இருக்கா? அந்த வாய்வழி உத்தரவுக்கு?”

பழைய கோட்டை இடிந்தது உறுதி. புதியதற்கு அஸ்திவாரமே வாயால் சொன்ன சொல், சொன்னவரும் கேட்டவரும் மண்ணோடு மண்ணாகி எத்தனையோ காலம் ஆகிறது. எடிட்டர் சொல்வதைக் கேட்டால் பெயர் மிஞ்சும். கேட்காவிட்டால், முப்பத்தெட்டு வருஷ உழைப்பின் கடைசியில் ‘தப்பாக எழுதியவர்’ என்ற பட்டம்தான் மிஞ்சலாம். அன்று மாலை கணவரிடம் கேட்டார். அவர், “சொத்தைப் பல்லு மேல தங்கத் தொப்பி போடலாம், வலி போகாது,” என்றார். மேடம் இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

மாநாட்டு அரங்கு நிறைந்திருந்தது. முதல் வரிசையில் எதிர்க்கட்சி, கையில் குறிப்பேட்டோடு. மூன்றாம் வரிசையில் பல் மருத்துவரும், வரமாட்டேன் என்று அடம்பிடித்து இழுத்து வரப்பட்ட நாத்தனாரும். மேடம் மைக்கைப் பிடித்ததும் வணக்கம் சொன்ன கையோடு, “என் புத்தகத்தோட மைய அத்தியாயம் முழுக்கத் தப்பு,” என்றார். அரங்கில் ஒரு சலசலப்பு. எதிர்க்கட்சியின் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு நாற்பது நிமிஷம் மேடம் பேசியதைக் கேட்டவர்கள், ஒரு மனுஷி தன் தவறை இவ்வளவு குஷியாகச் சொல்லிக் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னார்கள். படிக்கட்டின் படத்தைத் திரையில் போட்டார். தாளைத் தூக்கிக்கொண்டு மேடையிலேயே நடந்து காட்டினார். “இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, என் நாத்தனார்,” என்று விரலை நீட்டினார். நாத்தனார் நாற்காலிக்குள் ஒடுங்கினாள். பிறகு வேளாண் தலைவரின் அறை, தட்டப்படாத கதவு, மூலையில் கொசுக் கையெழுத்து.

கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சி எழுந்தார். “முதல்ல உங்களுக்கு ஒரு கும்பிடு. இருபத்திரண்டு வருஷமா நான் கேட்டதுக்கு இன்னிக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. ஆனா கேட்காம இருக்க முடியல. தாண்டிப் போகச் சொன்னாங்கங்கறதுக்கு ஆதாரம் என்ன? ஊழியன் சோம்பேறியா இருந்திருக்கலாம். வேளாண் தலைவருக்கும் இவனுக்கும் ஏதாவது சண்டை இருந்திருக்கலாம். வாயால சொன்னாங்க, அவனும் ஏன்னு கேட்காம ரெண்டு மாசம் தாண்டிப் போனான்னா, நம்பற மாதிரியா இருக்கு?”

“பேப்பர்ல ஆதாரம் இல்ல,” என்றார் மேடம். குரல் முதல் முறையாக இறங்கியது. “ஒத்துக்கறேன்.”

மூன்றாம் வரிசையில் நாத்தனார் எழுந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

“நம்பலாம் சார்,” என்றாள். “எனக்கு ரஷ்யா தெரியாது. எங்க ஆபீஸ்ல மூணாவது மாடியில ஒரு இன்ஜினியர் இருந்தார். ஒரு நாள் எங்க செக்‌ஷன் தலைவர் போற போக்குல, ‘இனிமே அவர்கிட்ட எதுவும் கொண்டு போகாதே’ன்னார். ஏன்னு நான் கேக்கல. ரெண்டு மாசம் தினமும் அவர் ரூமைத் தாண்டிப் போனேன். கதவு திறந்தேதான் இருக்கும். ‘இன்னிக்கும் எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?’ன்னு கேப்பார். ‘இல்ல சார்’னு சிரிச்சிட்டுப் போவேன்.”

மேடம் மேடையில் அப்படியே நின்றார். இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் மேஜையில் சாப்பிட்டவள், இதை ஒரு நாளும் சொன்னதில்லை. தானும் அவள் வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

“அப்புறம்?” என்றார் எதிர்க்கட்சி, மெதுவாக.

“அப்புறம் ஒரு நாள் அவருக்கு ஒரு கவர் கொண்டு போனேன் சார். சஸ்பெண்ட் ஆர்டர். என் கையில கவரைப் பாத்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்து போச்சு. உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு, ‘அப்பாடா, என்னை மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன்’னார்.”